கண்டவர் சொல்லும் காலந்தவறா மருந்தும்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்று கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கின்றது. காஞ்சிபுர மாவட்டத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர் அது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், அங்கே பயின்ற மாணவர்க்கும் பணி செய்தோர்க்கும் அமைந்த ஒரு மருத்துவமனையையும் பற்றி அக்கல்வெட்டு விரிவாகக் கூறுகின்றது. மருத்துவமனையை அக்காலத்தார் ஆதுலர்சாலை என்றனர். ஆதுலர் என்றால் நோயுற்றோர். இந்த ஆதுலர்சாலைக்கு வீரசோழன் என்று பெயர். அதில் நோயாளர்க்கு 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவராகக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் இருந்தார். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைப் பேணவும் மருந்து காய்ச்சவும் பெண்கள் இருவர், தண்ணீர் கொடுக்க ஒருவர், நாவிதர் ஒருவர் என்று ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்க வேண்டிய ஏறக்குறைய இருபது மருந்துகளின் பெயர்களும் அந்தக் கல்லில் உள்ளன.

அம்மருந்துகளுள் ஒன்று புராண கிருதம், அதாவது பல ஆண்டுகள் வைத்திருந்த பழைய நெய். ஆயுர்வேத நூல்கள் இதனை அபஸ்மாரம் என்னும் நோய்க்கு உரிய மருந்துகளுள் ஒன்றாகக் கூறுகின்றன. அபஸ்மாரம் என்ற சொல்லுக்கு நினைவு நீங்குதல் என்பது பொருள். நாம் வலிப்பு நோய் என்று சொல்வது இதைத்தான். நாட்டுப்புறத்தில் காக்காய் வலிப்பு என்பார்கள். தமிழில் இதற்கு முயலகன் என்றும் பழைய பெயர் ஒன்று உண்டு. கொல்லிமழவன் மகளுக்கு இருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவத்துக்கும் முயலகன் என்றே பெயர்.

இந்த வலிப்பு நோயை, குறிப்பாக வயது வந்தோரிடம் காணும் வலிப்பு நோயை, மருத்துவர் எவ்வாறு கண்டறிகின்றனர், எவ்வாறு அதற்கு மருத்துவம் செய்கின்றனர் என்பதை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். பழைய நெய்யின் காலம் போய்விட்டது. ஆயினும் மருந்து என்றும் இருப்பில் இருத்தல் வேண்டும், நோயாளரைப் பேண ஆட்கள் இருத்தல் வேண்டும் என்று அக்கல்வெட்டு வகுத்ததே, அந்த ஏற்பாடு இந்த நோய்க்கு இன்றும் இன்றியமையாதது.

முதலில் நோயின் தன்மையைப் பார்ப்போம். நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டுத் தறியும் தன் தன் போக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தந்தத் தறியில் அந்தந்தச் சேலை உருவாகின்றது. எல்லாத் தறிகளும் தம் வேலையை விட்டு, ஒரே கணத்தில் ஒரே அடியாக அடிக்கத் தொடங்கினால் தெருவே அதிரும். சேலை ஒன்றும் உருவாகாது. மூளையின் அணுக்கள் இவ்வாறு கட்டு மீறி ஒருங்கே துடிப்பதே வலிப்பு. 1873ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இதனை மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென நிகழும் மிகையான வெளிப்பாடு என்று விளக்கினார். அவ்விளக்கம் இன்றளவும் அடிப்படையில் நிலைத்திருக்கின்றது. இது ஆவியின் வேலையும் அன்று, தொற்று நோயும் அன்று. அறிவுக் குறைவின் அடையாளமும் அன்று.

ஒருமுறை வலிப்பு வந்தவரெல்லாம் வலிப்பு நோயாளர் அல்லர். நூறு பேரில் பத்துப் பேர் வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் வலிப்புக்கு உள்ளாகக்கூடும் என்று உலக நல நிறுவனம் கூறுகின்றது. இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலோ, உப்புச்சத்துக் குறைந்தாலோ, நெடுநாள் குடித்தவர் குடியைத் திடீரென நிறுத்தினாலோ வலிப்பு வரலாம். அக்காரணம் நீங்கினால் வலிப்பும் நீங்கும். அத்தகைய உடனடிக் காரணம் ஏதுமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தால் அதை வலிப்பு நோய் என்கிறோம். ஒருமுறையே வந்திருந்தாலும், மூளையில் காணும் தழும்பு போன்ற சான்றுகளால் மீண்டும் வருவது பெரிதும் உறுதி என்று தோன்றினால் அப்போதும் அவ்வாறே கொள்கிறோம்.

இனி, கண்டறியும் முறைக்கு வருவோம். இருமல் உள்ளவர் மருத்துவர் முன் இருமிக் காட்டலாம். காய்ச்சல் உள்ளவரின் உடம்பு தொட்டாலே சுடும். வலிப்பு நோயாளரோ என் முன் வந்து அமரும்போது பெரும்பாலும் முழு நலத்துடன் இருக்கின்றார். வலிப்பு வந்தபோது என்ன நிகழ்ந்தது என்று கேட்டால், "எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா, விழித்தபோது எல்லாரும் சுற்றி நின்றார்கள்" என்பார். நினைவு நீங்கியவரால் வேறென்ன சொல்ல இயலும்? ஆதலால் நான் கேட்கும் முதற் கேள்வி, "உடன் இருந்தவர் யார்? அவரை அழைத்து வந்தீர்களா?" என்பதே. எத்தனையோ கருவிகள் வந்த பின்னும் இந்நோயைக் கண்டறிவதில் முதலிடம் கண்டவர் சொல்லுக்கே.

கண்டவரிடம் நான் அறிய விரும்புவன சில. விழுவதற்கு முன் அவர் ஏதேனும் சொன்னாரா? முதலில் அசைந்தது எந்தக் கை? முகம் எந்தப் பக்கம் திரும்பியது? கண்கள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா? உடல் விறைத்ததா, பின்பு வெட்டி வெட்டி இழுத்ததா? நிறம் நீலம் பாரித்ததா, வெளிறியதா? எவ்வளவு நேரம் நீடித்தது? தெளிந்தபின் உடனே பேசினாரா, நெடுநேரம் குழம்பியிருந்தாரா?

இவ்விடைகளில் நோயின் உருவம் தெரிந்துவிடுகின்றது. வெயிலில் நெடுநேரம் நின்ற ஒருவர், கண் இருண்டு, வியர்த்து, முகம் வெளிறித் துவண்டு விழுந்து, சில நொடிகளில் எழுந்து தண்ணீர் கேட்டால் அது மயக்கமாகவே இருக்கும். மயக்கத்திலும் ஓரிரு முறை கை கால் வெட்டுவதுண்டு. அதனை வலிப்பு என்று கொண்டு ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்துவிடக் கூடாது. திடீரெனக் கூவி விழுந்து, உடல் விறைத்து, நீலம் பாரித்து, நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, தெளிந்தபின் அரைமணி நேரம் குழம்பியிருந்தால் அது வலிப்பு. இதயத் துடிப்பின் கோளாறாலும் ஒருவர் நினைவிழந்து விழலாம். ஆகவே இதய மின்வரைவு எடுத்துப் பார்ப்பதும் கட்டாயம். மனத்தில் அடைபட்ட துயரம் வலிப்புப் போன்ற தோற்றத்தில் வெளிப்படுவதும் உண்டு. அதில் கண்கள் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும், நெடுநேரம் நீடிக்கும். அது நடிப்பு அன்று. அதற்கும் மருத்துவம் உண்டு. ஆனால் வலிப்பு மாத்திரை அதற்கு மருந்தாகாது.

வலிப்பு என்றாலே விழுந்து துடிப்பது என்று எண்ணிவிட வேண்டாம். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு வேறு விதமாகத் தோன்றும். வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வு, இல்லாத ஒரு நாற்றம், முன்பே இவ்விடத்தைக் கண்டது போன்ற மயக்கம் ஆகியவை தோன்றலாம். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் வெறித்து நோக்கி, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்து, பின் ஒன்றும் அறியாதவர் போல் விழிக்கலாம். இதனைப் பேய் பிடித்தது என்று ஆண்டுக்கணக்கில் மந்திரிப்போர் பலர். இளைஞரிடம் காணும் இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்தவுடன் கைகள் வெட்டும். கையிலுள்ள காப்பித் தம்ளர் தெறித்து விழும். வீட்டார் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வார்கள். தேர்வுக்காக இரவெல்லாம் விழித்துப் படித்தாலோ, விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தாலோ அடுத்த நாட் காலையில் அது முழு வலிப்பாகவே வந்துவிடும். தென்னாட்டில், சிறப்பாகக் கன்னட நாட்டில், மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்த விந்தையான வகை ஒன்றும் உண்டு. சூடான நீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் அவ்வலிப்பு எழும்.

சொல்லைக் கேட்ட பின்னரே கருவிகள். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். அவ்வழி வந்த மூளை மின்னலை வரைவை ஈ.ஈ.ஜி. என்கிறோம். வலிப்பு எவ்வகை, எங்கே தொடங்குகின்றது என்பவற்றை அது காட்ட வல்லது. ஆனால் வலிப்பு இல்லாத வேளையில் எடுத்த ஒரு வரைவு, நோயுள்ளவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சீராகவே இருக்கும். ஆதலால் வரைவு சீராக இருக்கின்றது, நோய் இல்லை என்று முடிவு கட்டுதல் பிழை. சி.டி., எம்.ஆர்.ஐ. என்னும் படங்கள் மூளையில் உள்ள தழும்பு, கட்டி, பழைய காயம் முதலியவற்றைக் காட்டும்.

வயது வந்தபின் முதன்முறையாக வலிப்பு வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். தலைக்காயம், பக்கவாதம், மூளைக்கட்டி, மூளைக் காசம் ஆகியவை காரணமாகலாம். நம் நாட்டில் பெரிதும் காணப்படும் மற்றொரு காரணம் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு மூளையில் தங்குவது. பன்றி இறைச்சி உண்போர்க்கே இது வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வேகாத அவ்விறைச்சியை உண்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தின் வழியாக வெளியேறும் முட்டைகள் நீரிலும் கீரையிலும் கைகளிலும் ஒட்டி யாருடைய வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கிருந்து மூளையை அடைந்து கூடு கட்டும். இறைச்சியே தொடாதவர்க்கும் இந்நோய் வருவது இவ்வாறுதான். கழிப்பறையும் கை கழுவுதலும் தூய நீரும் வலிப்பு நோய்க்கும் தடை மருந்துகள் ஆகின்றன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். பின்னாளில் அக்கல்லூரி மருத்துவர்கள் இந்தப் புழுக்கூட்டைப் படத்தில் இனங்காணும் அளவுகோல்களை வகுத்தனர். அதனால் பலர் தேவையற்ற மூளை அறுவையினின்றும் தப்பினர்.

அடுத்தது மருத்துவம். 1857இல் புரோமைடு என்னும் உப்பு முதலில் பயன்பட்டது. 1912இல் ஃபீனோபார்பிட்டோன் வந்தது. இன்றும் அது மலிவான நல்ல மருந்தாக உலகெங்கும் வழங்குகின்றது. 1938இல் ஃபெனிடாயின் வந்தது. பின்னர்க் கார்பமசெப்பின், வால்புரோயேட், லெவெட்டிராசிட்டம் முதலியவை வந்தன. வலிப்பின் வகைக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்து, சிறிய அளவில் தொடங்கி, தேவையான அளவு உயர்த்துவோம். கூடியவரை ஒரே மருந்தால் அடக்குவதே நல்லது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட்டைக் கூடுமானவரை தவிர்க்கிறோம்; கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கு செய்யக்கூடும். அதற்காக, கருவுற்ற பெண் தானாக மாத்திரையை நிறுத்துதலும் கூடாது; வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கருத்தரிக்குமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்வதே வழி.

நடராசர் திருவடியின் கீழ் முயலகன் மாளவில்லை, அடங்கிக் கிடக்கின்றான். மாத்திரையும் நோயை அவ்வாறே அடக்குகின்றது. கால் எடுத்தால் அவன் எழுந்துவிடுவான். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னினும் கடுமையாகத் திரும்பலாம். நிற்காமல் தொடரும் வலிப்பாகி உயிருக்கே இறுதியாகலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் வலிப்பே இல்லாதிருந்தால் சிலருக்கு மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த இயலும். அதை மருத்துவர்தாம் முடிவு செய்தல் வேண்டும்.

மருந்து தவறுவதற்குக் காரணம் மறதியும் வறுமையும் மட்டுமல்ல. பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருத்தியை நான் அறிவேன். பள்ளிப் பருவம் முதல் மாத்திரை உண்டு நலமாக இருந்தவள். திருமணத்தின்போது நோயை மறைத்துவிட்டனர். புகுந்த வீட்டில் மாத்திரையை வைக்க மறைவான இடம் இல்லை. ஒரு வாரம் உண்ணவில்லை. ஒருநாள் விடியலில் வலிப்பு வந்து, தெளியுமுன் மீண்டும் மீண்டும் வந்தது. தீவிர மருத்துவப் பிரிவில் சில நாட்கள் போராடிப் பிழைத்தாள். அப்போது அவளுடன் வந்தவர் மாமியார். நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். "முதலில் வலக்கை தூக்கிற்று ஐயா, தலை வலப்பக்கம் திரும்பிற்று, பிறகுதான் உடம்பெல்லாம் இழுத்தது" என்று அவ்வம்மையார் தெளிவாகச் சொன்னார். வலப்பக்கம் தொடங்கினால் மூளையின் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். படம் எடுத்தோம். இடப்பக்கத்தில் பழைய புழுக்கூட்டின் சுண்ணத் தழும்பு இருந்தது. அதுவரை அவளுக்குக் கொடுக்கப்பட்டு வந்த மருந்தினும் பொருத்தமான மருந்தைத் தர அது வழிகாட்டிற்று. யாரிடம் மறைத்தார்களோ அவரே சிறந்த சாட்சியாக அமைந்தார். ஊர் திரும்பும்போது, "வேளைக்கு மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு" என்று அவர் சொன்னார். பிற்பாடு அவள் வலிப்பின்றி ஒரு குழந்தைக்குத் தாயானாள்.

மறைத்தவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், மீண்டும் மீண்டும் வலிப்பு வருதல் திருமணத்துக்குத் தடை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அதைக் காட்டித் திருமணத்தை நீக்கக் கோரவும் இடமிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அச்சொல்லை எடுத்துவிட்டது. ஆகவே வலிப்பு நோய் இன்று சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்குத் தடையன்று. சட்டம் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் ஊரார் மனம் முழுதும் மாறவில்லை.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக நல நிறுவனம் கூறுகின்றது. ஆயினும் வருவாய் குறைந்த நாடுகளில் நான்கில் மூவருக்கு அந்த மருத்துவம் கிட்டவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் அன்று. ஊர் மருந்தகத்தில் இருப்பு இல்லாமையாலும், வெட்கத்தாலும், மந்திரிப்பதில் கழியும் காலத்தாலும். மருந்துக்கு அடங்காத சிலருக்கு, வலிப்பு எழும் சிறு பகுதியை அறுவையால் நீக்குவதும் உண்டு. வேலூரிலும் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்திலும் அத்தகைய அறுவை நடைபெறுகின்றது.

நோயாளர் சில காவல்களை மேற்கொள்ள வேண்டும். வேளைக்கு உறங்க வேண்டும். குடியை விலக்க வேண்டும். கிணற்றிலும் ஆற்றிலும் பம்புசெட்டுத் தொட்டியிலும் தனியே குளிக்கக் கூடாது. அடுப்பருகில் எச்சரிக்கை வேண்டும். ஓட்டுநர் உரிமம் கோரும் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கின்றது. அதற்கு உண்மையையே எழுத வேண்டும். இவை தவிர, படிப்பு, தொழில், இல்லறம் எதுவும் அவருக்கு விலக்கன்று.

இறுதியாக, உங்கள் வகுப்பிலோ பேருந்து நிலையத்திலோ ஒருவருக்கு வலிப்பு வந்தால் நீங்கள் செய்யத்தக்கவற்றைச் சொல்கின்றேன். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மவர் வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுக்கவும் அவ்வளவு நேரமே ஆகின்றது. ஆதலால் இரும்பு குணப்படுத்தியது போல் தோன்றுகின்றது. அது வேண்டா. கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பற்களிடையே கரண்டியோ துணியோ எதையும் நுழைக்காதீர்கள். முழுதும் தெளியும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அருகிலுள்ள கல்லையும் நாற்காலியையும் அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; எச்சில் மூச்சுக்குழலில் இறங்காது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மீண்டும் வந்தாலும், அடிபட்டிருந்தாலும், நீரில் நிகழ்ந்திருந்தாலும், கருவுற்ற பெண்ணாயினும், முதன்முறை வந்ததாயினும் 108 எண்ணுக்கு அழையுங்கள்.

இவற்றோடு கடிகாரத்தையும் பாருங்கள். எந்தக் கை முதலில் அசைந்தது, முகம் எப்பக்கம் திரும்பியது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உற்றாரின் இசைவு இருந்தால் கைப்பேசியில் படமும் எடுத்து, மருத்துவர் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். வேடிக்கைக்காகப் பிறர்க்கு அனுப்பாதீர்கள். அவர் கண் விழிக்கும்வரை அருகில் இருந்து, விழித்ததும் அவர் எங்கே இருக்கின்றார் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். மறுநாள் அவர் வகுப்புக்கு வரும்போது, பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து போகாதீர்கள்.